ஆடை களைதலும் ஆணவம் களைதலும்

உயிர்கள் அநாதியே ஆணவ மலத்தாற் பிணிப்புண்டு அறிவு விளங்காது கிடந்த நிலையில், அவற்றின்மேற் கொண்ட கருணையினாலே இறைவன் மாயையினின்றும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் தோற்றுவித்து உதவினான் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. தனு என்பது உடம்பு. கரணம் மனம் முதலிய கருவிகள். புவனம் அவ்வுடம்பு உலவும் உலகம். போகம் அவ்வுலகில் நுகரப்படுவன. இந்நான்கும் ஒருங்கே அளிக்கப்பட்டன; ஒன்றை விட்டு ஒன்று நில்லாதன. உடம்பைப் பேணுவேன், அவ்வுடம்பு நிற்கும் நிலத்தையும் நீரையும் காற்றையும் கெடுப்பேன் என்பான், விளக்கு எரிய வேண்டுமென்று விரும்பிக்கொண்டே நெய்யைத் தரையிற் கொட்டுவானை ஒப்பான். ஆதலின் புவனத்தைக் காத்தல் உலகியலார்க்கு மட்டும் உரிய வேலையன்று. சிவதருமத்தின் ஒரு பகுதியே யாம்.

இனி, அப்புவனத்திற்கு இடையூறு நேர்ந்துழி அதனைக் காக்க முற்படுவோர் கைக்கொள்ளும் நெறிகள் பல. விண்ணப்பம் எழுதுவார் உளர், வழக்காடுவார் உளர், உண்ணாது இருப்பார் உளர், நெடுவழி நடப்பார் உளர், தம் உடம்பின் ஆடையைக் களைந்து வீதியில் வருவாரும் உளர். இறுதியிற் கூறப்பட்டார் செயல் தக்கதோ தகாததோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது. 'இது நாணமற்றார் செயல். இதற்கு ஆராய்ச்சி எற்றுக்கு?' என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், திகம்பரனாய்த் தாருகாவனத்திற் பலிக்குச் சென்ற பெருமானை வழிபடுவோர், ஆடையின்மை என்னும் அவ்வளவிற்கே ஒன்றனை இகழ்தல் அமையாது. எது ஆடையின்மையை உயர்த்துகின்றது, எது தாழ்த்துகின்றது என்பதனை ஆய்ந்து தெளிதல் அவர்க்குக் கடனாகும்.

மிதிவண்டி ஊர்வலம்

துவிசக்கர வண்டி என்று முன்னாளில் வழங்கப்பட்ட மிதிவண்டியிற் பலர் ஒருங்குகூடி, ஆடையின்றியோ குறைந்த ஆடையுடனோ நகர வீதிகளைச் சுற்றிவரும் வழக்கம், ஸ்பெயின் நாட்டுச் சரகோசா நகரில் 2001-ஆம் ஆண்டிற் காணப்பட்டது. பின்னர்க் கனடா நாட்டு வான்கூவர் நகரினரான கான்ராட் ஷ்மிட் என்பார் அதனைப் பல நாடுகளுக்கும் பொதுவாக்க முயன்றார். அவர் முயற்சியால் உலகளாவிய முதல் ஊர்வலம் 2004 ஜூன் 12-ஆம் நாள் நிகழ்ந்தது. அவ்வாண்டில் பத்து நாடுகளைச் சார்ந்த 28 நகரங்கள் இதிற் பங்குகொண்டன. அதன்பின் ஆண்டுதோறும் இது நடைபெற்று வருகின்றது. அமெரிக்க நாட்டுப் போர்ட்லாந்து நகரில் ஆயிரக்கணக்கானோர் இதிற் கலந்துகொள்வர். ஆடையை எவ்வளவு களைவது என்பது அவரவர் துணிவிற்கே விடப்படும். முழுதும் உடுத்து வருவாரையும் விலக்குவதில்லை. பலர் தம் மேனியிலே வண்ணங்கொண்டு வாசகங்கள் தீட்டி வருவர்.

இவ்வூர்வலத்தார் தம் செயலுக்குக் கூறும் காரணங்கள் மூன்று. மக்கள் பெட்ரோலுக்கு அடிமைப்பட்டு, அதன் புகையாற் காற்றை நஞ்சாக்குதலைக் கண்டித்தல் ஒன்று. இரும்புக் கூட்டினுள் அமர்ந்து விரையும் மோட்டார் வண்டிகளுக்கு நடுவே மிதிவண்டியிற் செல்வான் எத்துணைக் காப்பின்றி யிருக்கின்றான் என்பதனைக் கண்கூடாக்குதல் இரண்டு. மனித உடம்பு இழிவானதொன்றன்று என்று உணர்த்துதல் மூன்று. இவற்றுள் இரண்டாவது காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆடையுடுத்து வீதியோரமாய்ச் செல்லும் மிதிவண்டிக்காரனை மோட்டார் செலுத்துவோன் ஒரு பொருளாக மதிப்பதில்லை. அவனே ஆடையின்றி வருவானாயின் வண்டியை நிறுத்தி நோக்குகின்றான். உடுத்த மனிதனைக் காணாத கண் உடுக்காத மனிதனைக் காண்கின்றது. இக்குறை யாருடையது? களைந்தவனுடையதா, காணாதவனுடையதா? இவ்வினாவை எழுப்புதலிலே அவர் செயலுக்கு ஒருசார் நியாயம் உண்டென்பதை மறுத்தல் இயலாது.

ஏலமலைச் சாரல்

இவ்வினா கடல்கடந்த நகரங்களுக்கே உரியதென்று கருதற்க. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூரை எடுத்துக்கொள்வோமாயின், அங்கும் இவ்வினா வேறு வடிவில் நின்று விடை வேண்டுகின்றது.

ஏல வாணிகத்தாற் பெயர்பெற்ற அவ்வூரிலிருந்து நாள்தோறும் விடியற்காலையிலே தொழிலாளர் பலர், ஆண்களும் பெண்களுமாய், ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டு வழியே கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஏலத்தோட்டங்களுக்குச் செல்வர். அவர் கைபட்டு வளரும் ஏலச்செடி வெயிலை நேரே பொறுப்பதன்று. மேலே ஓங்கிய மரங்களின் நிழலும் கீழே உதிர்ந்த சருகின் ஈரமும் ஆகிய இவ்விரண்டிற்கும் இடையே வாழ்வது. மலைக்குக் காடே ஆடை. அவ்வாடையின் மடிப்பிலே ஒதுங்கி உயிர் வாழ்வது ஏலம் எனலாம். நிழல்மரங்கள் குறையக் குறைய அதன் வாழ்வும் குறையும். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் மழையின்றி வெப்பம் மிகுந்தபோது, இடுக்கி மாவட்டத்தில் ஏலச்செடிகள் பெரும்பரப்பிற் கருகி யழிந்தன. அதற்கு முன் 2018 மார்ச் 11-ஆம் நாள், போடிக்கு மேலுள்ள குரங்கணி மலையிற் காட்டுத்தீ பரவி, மலையேற வந்தோருள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையின் ஆடை உலர்ந்து தீப்பற்றுமாயின், அதன் மடியில் நிற்கும் மனித உடம்பிற்கு எவ்வளவு காப்பு உண்டு என்பதனை அத்துயரம் காட்டிற்று.

அம்மலைப்பகுதியிலேயே பொட்டிபுரத்தை அடுத்த அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பேரண்டத்தின் நுண்பொருளை அறியும் பெருமுயற்சி என்று அறிவியலார் அதனை வரவேற்றனர். மலைக்கும் நீர்நிலைகளுக்கும் கேடு விளையும் என்று மற்றொரு சாரார் எதிர்த்தனர். 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு, புலிகள் உலவும் வழி அங்கே உள்ளதெனக் காட்டி, இசைவளிக்க இயலாதென்று உச்ச நீதிமன்றத்திற் கூறிற்று. அவ்வழக்கின் இருபுற நியாயங்களும் ஈண்டு ஆராயப்புகுந்த பொருளல்ல. 2018 மார்ச் 31-ஆம் நாள், அத்திட்டத்தை எதிர்க்கும் நடைப்பயணம் மதுரையிலே தொடங்கிய வேளையில், தொண்டர் ஒருவர் தம்மேல் தீயிட்டுக்கொண்டு, பின்னர் உயிர்துறந்தார் என்பதே ஈண்டுக் கருதற்குரியது. மலையைக் காக்கப் புகுந்து மானிட உடம்பொன்று எரிந்தது. அவர் கொண்ட அன்பு மெய்யானதே. செயலோ சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று. தனுவும் புவனமும் ஒருவனே அளித்த கொடைகளாகலின், ஒன்றனை அழித்து மற்றொன்றனைக் காத்தல் என்பது கொடுத்தவன் கருத்திற்கு மாறாம். திருமூலர், முன்னர் உடம்பை இழுக்கென நினைந்தும், பின்னர் அதனுள்ளே உறைவானைக் கண்டு அதனைப் பேணினார் என்பதனை அன்பர் அறிவர்.

ஆகவே, உலகைக் காக்கும்பொருட்டு உடம்பை எதிர்ப்பின் கருவியாக்குதல் எவ்வளவில் அமையும் என்பதே வினா. எரித்தல் தகாதென்பது தெளிவு. நடத்தல் தகும் என்பதும் தெளிவு. இடையிலே நிற்பது ஆடை களைதல். அதனைத் துணிதற்கு, ஆடையின்மை எத்தனை வகைப்படும் என்று பகுத்துணர்தல் வேண்டும்.

ஆடையின்மையின் வகை

முதலாவது, ஞானிகளின் ஆடையின்மை. கன்னட நாட்டில் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அக்கமகாதேவி, அரசபோகத்தைத் துறந்து, கூந்தலே ஆடையாகச் சென்னமல்லிகார்ச்சுனனை நாடிச் சென்றார். நெரூரில் அடங்கிய சதாசிவப் பிரமேந்திரர் ஆடையின் நினைவின்றித் திரிந்தார் என்பர். தேனி மாவட்டத்து உத்தமபாளையத்துப் பாறையிற் செதுக்கப்பட்ட சமணத் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் ஆடையின்றியே நிற்கின்றன. சமயம் வேறாயினும் அவ்வுருவங்களை நோக்குவார் உள்ளத்தில் இழிநினைவு எழுவதில்லை. என்னை? அவ்வுருவங்களில் 'என்னைப் பார்' என்னும் குறிப்பில்லை. ஞானி ஆடையைக் களைவதில்லை. அது அவரிடமிருந்து நழுவுகின்றது. உறங்குவான் கையிலிருந்த பொருள் தானே வீழ்தல்போல அது நிகழ்வது. ஆகலான் அவர் ஆடையின்மை ஒரு செயலுமன்று, செய்தி கூறுவதுமன்று.

இரண்டாவது, பிறராற் சுமத்தப்பட்ட ஆடையின்மை. வறுமையால் உடுக்க இல்லாதார் நிலை இதன்பாற்படும். இதனினுங் கொடிது, உடுக்க இருந்தும் உடுக்கலாகாதென்று தடுக்கப்பட்டார் நிலை. அக்காலத் திருவிதாங்கூர் ஆட்சிக்குட்பட்ட தென்பகுதியிற் சாதிக்கட்டுப்பாட்டின் பெயரால் மகளிர் மார்பை மறைத்தலே குற்றமெனப்பட்டது. தோள்சீலைப் போராட்டம் என்று பெயர்பெற்ற நெடும்போராட்டத்தின் பின்னர், 1859-ஆம் ஆண்டிலேதான் அவர்க்கு மேலாடை அணியும் உரிமை அரசாணையால் ஒருவாறு கிடைத்தது. இம்மண்ணில் ஒரு முழத் துணியின் பொருட்டு அடிபட்டாரும் உளர், வீடிழந்தாரும் உளர். ஆடையை விடுதலைக்குத் தடையென்று சில நாட்டார் கருதுவாராக. அவ்வாடையையே விடுதலையாகப் பெற்ற குடிகள் வாழும் நாடு இது.

மூன்றாவது, குற்றஞ்சாட்டும் ஆடையின்மை. 2004 ஜூலை 15-ஆம் நாள், மணிப்பூர்த் தலைநகராகிய இம்பாலிற் காங்லாக் கோட்டை வாயிலின்முன், படையினராற் பெண்ணொருத்திக்கு இழைக்கப்பட்டதாகக் கூறப்பட்ட கொடுமையைக் கண்டித்துத் தாய்மார் பன்னிருவர் ஆடை களைந்து நின்றனர். அவ்வாண்டு நவம்பரில் அக்கோட்டையிலிருந்து படை விலகி, அது மாநில அரசினிடம் ஒப்படைக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டில் வறட்சியாலும் கடனாலும் நொந்த தமிழ்நாட்டு உழவர், அய்யாக்கண்ணு என்பார் தலைமையில் தில்லி ஜந்தர் மந்தரில் ஏறத்தாழ 40 நாள் இருந்து முறையிட்டனர். அவருட் சிலர் ஏப்ரல் 10-ஆம் நாள் பிரதமர் அலுவலகத்தை அடுத்த வீதியில் ஆடையின்றி ஓடினர். இவர் யாவரும் புதிதாக எதனையும் களைந்தாரல்லர். மானமும் வாழ்வும் முன்னரே உரியப்பட்டிருந்தன. எஞ்சிய துணி அவ்வுண்மையை மறைத்துக்கொண்டிருந்தது. அத்திரையையே அவர் விலக்கினர். கண்டார் கண் தாமே தாழ்ந்தது. நாணம் நின்றவரிடமிருந்து நீங்கி, நோக்கியவரிடம் சென்று சேர்ந்தது.

நான்காவது, தாமே விரும்பி, ஒரு நாளைக்கு, ஒரு கருத்தை விளக்கக் களைதல். மிதிவண்டி ஊர்வலம் இவ்வகையினது. இம்பால் தாய்மார் நின்றதும் உலகளாவிய முதல் ஊர்வலம் நிகழ்ந்ததும் ஒரே ஆண்டில், 33 நாள் இடைவெளியில் என்பது நினைக்கத்தக்கது. இரண்டிலும் களையப்பட்டது துணியே. எனினும் இரண்டும் ஒன்றாகா. ஒன்று அழுகை, மற்றொன்று பெரும்பாலும் விழா. ஒன்றிற் களைந்தவர்க்கு மீளும் வழியில்லை. மற்றொன்றில் ஊர்வலம் முடிந்தவுடன் உடுத்துக்கொள்ளும் ஆடை மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது.

களையப்படாத சட்டை

சித்தாந்த நூல்கள் காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்னும் ஐந்து தத்துவங்களைப் பஞ்ச கஞ்சுகம் என்று வழங்கும். கஞ்சுகம் என்பது சட்டை. உயிர் இவ்வைந்து சட்டைகளையும் அணிந்துகொண்டே உலகநுகர்ச்சிக்கு வருகின்றது. பருவுடம்பு அவற்றிற்கும் புறத்தே அணியப்பட்ட மேலாடை. நெய்த துணியோ அதற்கும் புறம்பானது. அங்ஙனமாயின், துணியைக் களைந்தான் ஒருவன் தன்னை முற்றும் வெளிப்படுத்தினான் என்றல் யாங்ஙனம் பொருந்தும்? புறத்தே ஒரு மடிப்பு விலகிற்று என்பதே உண்மை. அகத்தே அராகமாகிய பற்று இருந்தபடியே இருக்கக்கூடும்.

அவ்வைந்திற்கும் உள்ளே உயிரைப் பற்றி நிற்பது ஆணவம். அது பிற பொருளை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்ளும் இயல்பினது. இருட்டு பிறவற்றைக் காட்டாவிடினும் தன்னையேனும் காட்டும். ஆணவமோ அதுவுஞ் செய்யாது. ஆகலின், 'யான் துறந்தேன்', 'யான் துணிந்தேன்', 'என்னைப்போல் துணிந்தார் யார்' என்னும் எண்ணங்களாய் அது துறவின் உள்ளேயே புகுந்து அமரும். பட்டாடை உடுத்தவன் ஆணவம் பட்டாடையிலே தெரியும். களைந்தவன் ஆணவம் தெரிதற்கு இடமின்றி மேலும் ஆழத்தில் ஒளிக்கும். இவ்விடர் மிதிவண்டியார்க்கு மட்டும் உரியதன்று. நீறு பூசி, உருத்திராக்கம் அணிந்து, 'யான் மெய்யடியான்' என்று நடப்பார்க்கும் உரியது.

இவ்விடத்து, களைதலின் மெய்ம்மையை அளக்கும் கோல் யாது எனின், களைந்த நாள் கழிந்த பின்னர் எஞ்சுவது யாது என்று வினாவுதலே அக்கோல் என்க. அதற்கு எடுத்துக்காட்டு, போடியிலிருந்து தொலைவல்லாத மதுரையிலேயே உளது. 1921 செப்டம்பர் 22-ஆம் நாள், அந்நகரில் மகாத்மா காந்தியடிகள் தம் மேலாடையையும் தொப்பியையும் நீத்து அரையாடை பூண்டார். தமிழ்நாட்டிற் சுற்றிவந்தபொழுது, கதர் வாங்கப் பொருளில்லாத ஏழைகளின் நிலை அவர் நெஞ்சைத் தைத்திருந்தது. முதலில் அவர் வகுத்துக்கொண்ட எல்லை அவ்வாண்டு அக்டோபர் மாத இறுதியளவே. ஆயின் அந்நாள் வந்து சென்ற பின்னரும் அவர் பழைய உடைக்கு மீண்டிலர். 1931-ஆம் ஆண்டில் இலண்டன் சென்று ஆங்கில மன்னரின் அரண்மனையிற் புகுந்தபோதும் அவ்வுடையே. 1948-இல் உயிர் நீங்குங்காலும் அவ்வுடையே. மேலும் அவர் முழுதும் களைந்தாரல்லர். நாணத்திற்கு வேண்டுவதனை வைத்துக்கொண்டு மிகையை நீத்தார். பிறர் கண் தம் உடம்பின்மேல் தங்கி நில்லாது, உடையின்றி வாழும் ஏழையின்மேற் சென்று தைக்குமாறு அச்செயல் அமைந்தது. களைதல் ஒரு நாட்காட்சியாகாது வாழ்வாயிற்று.

கோவணத்தின் நிறை

ஆடையின் நிறை எதனால் அளக்கப்படும் என்பதனைச் சைவர்க்கு விளக்குதற்குப் பெரியபுராணத்தில் அமர்நீதி நாயனார் வரலாற்றினும் சிறந்ததொன்றில்லை. பழையாறை நகரத்து வணிகராகிய அந்நாயனார் பொன்னும் மணியும் துகிலும் விற்றுச் செல்வம் ஈட்டி, அடியார்க்கு உணவும் உடையும் கோவணமும் வழங்குதலையே தம் பேறாகக் கொண்டிருந்தார். பிரமசாரி வடிவில் வந்த பெருமான் அடைக்கலமாகக் கொடுத்த கோவணம் மறைந்துபோகவே, தண்டிலே கட்டியிருந்த மற்றொரு கோவணத்திற்கு நிறையான கோவணம் வேண்டப்பட்டது. துலைத்தட்டிலே துகில்கள் குவிந்தன, பொன் குவிந்தது, மணி குவிந்தது, தட்டு எழவில்லை. இறுதியில் நாயனார், தாமும் மனைவியாரும் மைந்தரும் தட்டில் ஏறிய பின்னரே துலை நேர்நின்றது.

இதனால் அறியப்படுவது யாது? உடைமை எத்துணைக் கொடுப்பினும், 'உடையேன்' என்பானைக் கொடாதவழி நிறை ஒவ்வாது என்பதாம். உலகின்பொருட்டு ஆடையைக் கழற்றித் தட்டில் இடுவார் இடுக. பின்னர்த் தம் மோட்டார் வண்டியை இடுகின்றாரா? தம் மிகை நுகர்ச்சியை இடுகின்றாரா? இறுதியில் தம்மையே இடுகின்றாரா? இடுவாராயின் அவர் முதலில் இட்ட துணியும் நிறையுடையதாம். இடாராயின் அது வெறுந்துணியே.

தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை நிகழும். 'நாணம் என்பது காலந்தோறும் இடந்தோறும் வேறுபடுவது. 1991-ஆம் ஆண்டை ஒட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக நாட்டுப்புறப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டப் பயின்றபோது, பெண் மிதிவண்டி ஏறுதலே நாணமற்ற செயல் என்று ஏசினார் பலர். இன்று அதனை ஏசுவார் யார்? ஆடையற்ற உடம்பு தன்னளவிலே ஆபாசமாகாது என்று 2023-ஆம் ஆண்டிற் கேரள உயர் நீதிமன்றமும் கூறிற்று. ஆகவே இன்று பழிக்கப்படும் ஊர்வலமும் நாளை ஏற்கப்படலாமன்றோ?' என்பது.

இத்தடை வலியுடையதே. உடம்பு தன்னளவில் இழிவன்று என்பது சைவர்க்கு உடன்பாடே. இறைவன் அளித்ததும் அவன் உறைவதுமாகிய ஒன்று இழிவாதல் யாங்ஙனம்? ஆயின், திருவள்ளுவனார் நாணுடைமையை வகுத்தவிடத்து, தகாத செயலுக்கு நாணுதலையே மேன்மக்களின் நாணமாகக் கொண்டு, மகளிர்க்கு இயல்பாகிய அச்சமடங்கலை அதனின் வேறாகப் பிரித்தார். பின்னது வழக்கத்தால் மாறும், முன்னது மாறுவதன்று. புதுக்கோட்டைப் பெண்கள் தகாத செயல் எதனையும் செய்திலர். தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, பிறர் துணை வேண்டாது தம் வழியே சென்றனர். ஊரார் ஏச்சிற்கு அஞ்சும் நாணத்தைக் களைந்தார்; பழிக்கு அஞ்சும் நாணத்தைக் காத்தார். அவர் வண்டியில் ஏறிய நாள் ஒரு நாளோடு முடிந்ததில்லை. வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. ஆகவே அவ்வெடுத்துக்காட்டு மேற்கூறிய அளவுகோலை வலியுறுத்துவதேயன்றி மறுப்பதன்று.

அன்றியும், ஓர் அடையாளம் எல்லா நிலத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் பெண், சேலையின்மேல் ஆண்சட்டை அணிந்து, தலையைத் துணியால் மூடிச் செல்கின்றாள். பனியும் அட்டையும் செடிகளுக்குத் தெளிக்கும் நச்சுமருந்தும் அவள் மேனியைத் தீண்டாதபடி காப்பது அத்துணியே. அவள் முன்னோருட் சிலர்க்கு அத்துணியே மறுக்கப்பட்டிருந்தது. அவள் செல்லும் மலைப்பாதையில் ஒருவர் உலகின் பொருட்டு ஆடை களைந்து வருவாராயின், அதன் பொருள் அவட்கு விளங்குமோ? தன்னிடம் இல்லாததனை நாடித் தான் உழைக்க, உள்ளதனை எறிந்து ஒருவர் விளையாடுகின்றார் என்றே தோன்றும். நட்பிற்கு உவமை தேடிய திருவள்ளுவனார், ஆடை நழுவினான் கை விரைந்து சென்று பற்றுதலைக் காட்டினார். மலையின் ஆடை நழுவும் காலத்து உண்மை நண்பன் செய்யத்தக்கதும் அதுவே: விரைந்து பற்றி, மீண்டும் உடுத்துதல்.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் துணியப்படுவன இவை. கடல்கடந்த நாடுகளிற் சட்டத்திற்கு உட்பட்டு, யாரையும் வற்புறுத்தாது, காற்றின் தூய்மை கருதி அவ்வூர்வலஞ் செல்வாரை இழிமக்கள் என்று வைதல் சைவர்க்கு அழகன்று. அவர் நோக்கம் புவனத்தைக் காத்தல், அது நன்னோக்கமே. ஆயினும் அந்நோக்கத்திற்கு அவர் கொண்ட வாயில் குறையுடையது. காண்பார் கண்ணை அது தூக்கிய கருத்தின்மேற் செலுத்தாது உடம்பின்மேல் நிறுத்திவிடுதல் ஒரு குறை. ஒரு நாளோடு முடிதற்கு இடந்தருதல் மற்றொரு குறை. இந்நிலத்திலோ, அது வறியார் புண்ணைத் தீண்டுதலும் உண்டு. ஆதலின் ஏலமலைச் சாரலில் வாழ்வார்க்கு மிதிவண்டி தகும். ஆடை களைதல் வேண்டுவதன்று.

அவர் களையவேண்டுவன வேறு உள. நிழல்மரத்தை வெட்டிச் செடியைப் பெருக்கலாம் என்னும் ஆசை களையப்படவேண்டும். ஏலம் உலர்த்தும் சூளைக்கு விறகு எங்கிருந்து வருகின்றதென்று கேளாத கவலையின்மை களையப்படவேண்டும். ஒரு கல் தொலைவிற்கும் மோட்டாரை நாடும் சோம்பல் களையப்படவேண்டும். ஊர்வலத்தாரைக் கண்டு நகைக்கும் அன்பரும் தம்மை நோக்குக. மலைமேற் கோயில்கொண்ட பரமனைக் காண மோட்டாரிற் சென்று, பூசைப்பொருள் வைத்த பிளாஸ்டிக் உறையை அம்மலைச்சரிவிலே எறிந்து திரும்புவாராயின், மிதிவண்டியில் ஆடையின்றிச் சென்றவரினும் இவர் எவ்வகையில் நாணுடையர்? அவர் தம் ஆடையைத் தாமே களைந்தார். இவர் பெருமான் திருமேனியாகிய மலையின் ஆடையைக் களைகின்றார்.

உடுத்தலும் களைதலும் துணியின்கண் இல்லை. 'எனது' என்பது கழன்ற அளவே களைதல். 'அவனது' என்பது பற்றிய அளவே உடுத்தல். உலகு அவன் உடைமை, உடம்பு அவன் உடைமை, தாமும் அவன் உடைமை என்று உணர்ந்து, மலையையும் நீரையும் காற்றையும் காவலாளிபோற் காத்து வாழ்வார், எவ்வுடை உடுத்தினும் திகம்பரரே. அவ்வுணர்வில்லாதார், எவ்வுடை களையினும் உடுத்தவரே.

திருச்சிற்றம்பலம்.